குளத்தின் அடிச்சேறு

விடியற்காலையில் போன் அடித்தால் பெரும்பாலும் இந்தக் கேள்விதான்: "மீன் பூராவும் மேல வந்து வாயைப் பொளக்குதுக்கா, என்ன மருந்து போடலாம்?"

"மோட்டார் இருந்தா தண்ணிய எடுத்து அதே குளத்துல வீசி அடிங்கண்ணே. இன்னைக்குத் தீவனம் போடாதீங்க. வேற எதையும் ஊத்தாதீங்க, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன்.

ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, மன்னார்குடி சுற்றுவட்டாரத்தில் மீன் குளத்துத் தண்ணீரைப் பரிசோதித்துச் சொல்வது என் தொழில். ஸ்கூட்டர் பெட்டியில் கண்ணாடிக் குப்பிகள், சொட்டு மருந்துகள், வெப்பமானி, கயிறு கட்டிய கறுப்பு வெள்ளைத் தட்டு, ஆளுயரத்தைவிட நீளமாக ஒரு பிவிசி குழாய். இந்தக் குழாய் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். கெட்டுப்போன குளத்தில் நான் முதலில் இறக்குவது அதைத்தான். குளத்தின் நோய் பெரும்பாலும் தண்ணீரில் தொடங்குவதில்லை, அடிச்சேற்றில் தொடங்குகிறது. கடையில் வாங்கும் மருந்தோ தண்ணீரோடு நின்றுவிடுகிறது. இதைப் புரியவைக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஒரு ஏக்கர் குளத்தில் ஐந்து அடி தண்ணீர் நின்றால் அது சுமார் 60 லட்சம் லிட்டர். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனாலே பாதிப் பணம் மிஞ்சும். அமோனியாவை உறிஞ்சும் என்று ஜியோலைட் தூளை 20 கிலோ மூட்டையாக விற்கிறார்கள். அதை மொத்தமாகத் தூவினாலும் ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு மூன்று கிராம் சொச்சம்தான் வரும். அந்த மூன்று கிராம் எவ்வளவு அமோனியாவைப் பிடித்துவிடும்? பொட்டாசியம் பெர்மாங்கனேட் போட்டால் ஆக்சிஜன் கிடைக்கும் என்ற நம்பிக்கை இன்னும் பலமாக இருக்கிறது. அது கிருமியைக் கொல்லும், கரிமக் கழிவைக் கொஞ்சம் எரிக்கும். ஆனால் மீன் சுவாசிக்கும்படி ஆக்சிஜனைத் தராது. பகலில் ஆக்சிஜன் தயாரிக்கிற பாசியையும் சேர்த்துக் கொன்றுவிட்டுப் போகும். மீன் ஏற்கெனவே மூச்சுக்குத் திணறும் நேரத்தில் அதைப் போடுவது கொடுமை.

சரி, ஆக்சிஜன் எங்கிருந்துதான் வருகிறது? காற்றிலிருந்து கொஞ்சம். மிச்சமெல்லாம் தண்ணீரைப் பச்சையாகக் காட்டும் நுண்பாசி தயாரிப்பது. நம் ஊர் வெயிலில் தண்ணீர் 30 டிகிரி இருக்கும்போது, காற்றிலிருந்து மட்டும் கரைந்தால் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் நிற்காது. பாசி நன்றாக இருக்கும் குளத்தில் மதியம் மூன்று மணிக்கு அளந்தால் பன்னிரண்டு, பதினைந்துகூட வரும். அதே குளம், அதே தண்ணீர், மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு இரண்டில் நிற்கும். வெயில் சாய்ந்ததும் பாசி தயாரிப்பை நிறுத்திவிடுகிறது. அதன் பிறகு இரவு முழுக்கப் பாசியும் மீனும் சேறும் சேர்ந்து அந்தக் கையிருப்பைத் தின்கின்றன. ஐந்துக்கு மேல் இருந்தால் கெண்டைகள் நன்றாக வளரும். மூன்றுக்குக் கீழே போனால் தீவனம் எடுக்காது, நோய் தொற்றும். ஒன்றுக்குக் கீழே போனால் சாவுதான். அதனால் டிஓ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கரைந்த ஆக்சிஜனை மதியம் அளந்துவிட்டுத் திருப்திப்படுவதில் பயனில்லை. விடிவதற்கு முன்னால் அளக்க வேண்டும்.

அளக்கும் முறை 1888இல் விங்க்ளர் என்ற ஹங்கேரி வேதியியலர் கண்டுபிடித்தது. மீட்டர் வந்த பிறகும் நான் அதை விடவில்லை. குப்பியைத் தண்ணீருக்குள்ளேயே முக்கி, ஒரு காற்றுக் குமிழ்கூட இல்லாமல் நிரப்பி, மாங்கனீசு சல்பேட் கரைசலைக் கொஞ்சம், காரம் கலந்த அயோடைடு கரைசலைக் கொஞ்சம் விட்டு, மூடிக் குலுக்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் திரிதிரியாகப் படியும். எவ்வளவு பழுப்போ அவ்வளவு ஆக்சிஜன். அதன் பிறகு அமிலம் விட்டு, ஸ்டார்ச் விட்டு, நீலம் மறையும்வரை தயோசல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணினால் கணக்கு வந்துவிடும். ஆனால் சொட்டு எண்ணும் முன்பே குளத்துக்காரருக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. நல்ல குளத்துக் குப்பி தேங்காய் நார் நிறத்துக்கு மாறும். கெட்ட குளத்தின் அடித்தண்ணீரில் குலுக்கினால் பால் மாதிரி வெள்ளையாகவே நிற்கும். ஆக்சிஜன் சுத்தமாக இல்லை என்று அர்த்தம். மேல்தண்ணீர்க் குப்பியையும் அடித்தண்ணீர்க் குப்பியையும் வரப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நான் விளக்க வேண்டியதே இல்லை. "கீழே ஒண்ணுமே இல்லியேக்கா" என்று அவர்களே சொல்வார்கள்.

கீழே ஏன் இல்லை? அங்கேதான் பிவிசி குழாய். சேற்றில் ஊன்றி, மேல்வாயை உள்ளங்கையால் அடைத்து, நிதானமாக இழுத்தால் சேறு ஒரு துண்டாக ஏறி வரும். தட்டில் தள்ளிப் பார்க்க வேண்டும். ஆரோக்கியமான குளத்துச் சேற்றின் மேலே, நகக்கனத்துக்கு ஒரு பழுப்புத் தோல் இருக்கும். அதற்குக் கீழே கறுப்பு. அந்தத் தோல்தான் குளத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜன் தொடும் அந்த மெல்லிய படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள், கீழேயிருந்து கிளம்பும் விஷ வாயுக்களைத் தடுத்து மாற்றிவிடுகின்றன. கெட்டுப்போன குளத்தில் இந்தத் தோல் இருக்காது. மேலிருந்து கீழ்வரை மையாக இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் அழுகிய முட்டை வாடை, அதாவது ஹைட்ரஜன் சல்பைடு. அடியிலே மேயும் மிர்கால் வழக்கமாக முதலில் மெலிவது இதனால்தான். கட்லா மேலே மேயும், ரோகு நடுவே, மிர்கால் அடியில். எது முதலில் வாடுகிறது என்று கேட்டாலே குளத்தின் எந்தப் பகுதி கெட்டிருக்கிறது என்று பாதி ஊகித்துவிடலாம்.

இத்தனை கறுப்பும் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் நாம் போட்டதுதான். 28 சதவீதம் புரதம் உள்ள தீவனம் 100 கிலோ போட்டால் அதில் நாலரைக் கிலோ நைட்ரஜன் இருக்கிறது. மீன் தன் உடம்பில் சேர்த்துக்கொள்வது கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. மீதி மூன்று கிலோவுக்கு மேல் கழிவாகவும் அமோனியாவாகவும் குளத்துக்குள்ளேயே நிற்கிறது. மீன் தின்னாமல் மூழ்கிய தீவனம் முழுக் கணக்கில் சேறாகிறது. தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் கரையிலிருந்து அள்ளி வீசும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லிப் போகிற இடத்திலெல்லாம் மன்றாடுகிறேன். ஓட்டை போட்ட சாக்கில் கட்டி மூங்கிலில் தொங்கவிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். மிச்சமிருந்தால் நாளைக்குக் குறையுங்கள். மப்பு மந்தாரமாக இருக்கும் நாளில் பாதி போதும், மீன் தலை தூக்கும் நாளில் ஒரு பிடியும் வேண்டாம். காசு செலவில்லாத சிகிச்சை இது. எல்லா மருந்தையும்விட இதற்குத்தான் பலன் அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

கோழிக்கடைக் கழிவைக் கொண்டுவந்து கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் திருட்டுத்தனமாக வளர்க்கும் இடங்களில் இது நடக்கிறது. காற்றையே நேரடியாகச் சுவாசிக்கும் மீன் என்பதால் அது சாகாமல் கிடக்கிறது. தண்ணீர் செத்துவிடுகிறது. மழையில் கரை உடைந்தால் அந்தத் தண்ணீரும் அந்த மீனும் வாய்க்காலுக்குப் போய் அடுத்தவர் குளத்தில் ஏறும்.

அமோனியா பற்றி ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும், உயிர் போகிற விஷயம் என்பதால். சோதனையில் வரும் அமோனியா அளவு முழுவதும் விஷமில்லை. தண்ணீரின் பிஹெச் ஏழாக இருந்தால் அதில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. எட்டானால் ஏழு பங்கு. ஒன்பதானால், நம் ஊர்ச் சூட்டில், நாற்பத்தைந்து பங்கு. அடர்ந்த பாசி உள்ள குளத்தில் மதியத்துக்கு மேல் பிஹெச் ஒன்பதைத் தொடுவது சாதாரணம். காலையில் ஒன்றும் செய்யாத அதே அமோனியா சாயங்காலம் செவுளை எரிக்கிறது. இந்த நிலையில் "குளம் நாறுது" என்று சுட்ட சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினால் பிஹெச் இன்னும் ஏறும், இருக்கிற அமோனியா எல்லாம் விஷமாகும். சுண்ணாம்பு மிக நல்ல பொருள். ஆனால் மீன் உள்ள குளத்தில், அமோனியா பார்க்காமல் சுட்ட சுண்ணாம்பு போடக் கூடாது. அப்போது செய்யவேண்டியது தீவனத்தை நிறுத்துவது, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை ஓட்டுவது, முடிந்தால் கால் பங்கு தண்ணீரை மாற்றுவது.

மாற்றும் தண்ணீர் போர்த் தண்ணீர் என்றால் அதை நேராகக் குளத்துக்குள் விடாதீர்கள். ஆழத்திலிருந்து வரும் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு, சில இடங்களில் இரும்பும் கார்பன் டை ஆக்சைடும் அதிகம். குழாயை உயரத்தில் வைத்து, கல்லோ ஓலைத் தட்டியோ வைத்து அதன்மேல் விழுந்து சிதறிப் போகும்படி செய்தால் போதும்.

அமோனியா மாறும் வழியில் நைட்ரைட் என்று இன்னொன்று வரும். அது இரத்தத்துக்குள் போய் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் செய்துவிடும். மீனின் செவுளைத் திறந்தால் சிவப்பாக இல்லாமல் காப்பி நிறத்தில் இருக்கும். இதற்கு மட்டும் நிஜமாகவே ஒரு மருந்து உண்டு, அது மளிகைக் கடையில் கிடைக்கிறது. கல்லுப்பு. உப்பிலுள்ள குளோரைடு, செவுளில் நைட்ரைட் நுழையும் வாசலை மறித்துக்கொள்கிறது. நைட்ரைட்டைப் போலப் பத்து மடங்கு குளோரைடு இருந்தால் பயமில்லை. லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் நைட்ரைட் காட்டும் ஒரு ஏக்கர் குளத்துக்கு, ஏற்கெனவே தண்ணீரில் உப்பு இல்லை என்றால், ஏறத்தாழ 200 கிலோ, அதாவது நான்கு மூட்டை. கடலோரப் பக்கம் நிலத்தடி நீரிலேயே உப்பு இருப்பதால் பல குளங்களுக்கு இது தேவைப்படாது. அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

புரோபயாடிக் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நல்ல பாக்டீரியாதான், பொய்யில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை குளத்தில் ஏற்கெனவே கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவை வேலை செய்யாமல் இருப்பதற்குக் காரணம் ஆக்சிஜன் இல்லாததும், தண்ணீரின் காரத்தன்மை குறைந்துபோனதும். அந்த இரண்டையும் சரிசெய்யாமல் ஊற்றும் பாக்கெட் பாக்டீரியாவும் அதே பட்டினியில்தான் கிடக்கும். அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் குளத்து நீரைப் பற்றியே பல்லாண்டு ஆராய்ந்த கிளாட் பாய்ட், இப்படி விற்கப்படும் பல பொருட்களுக்குக் குளத்தில் தெளிவான பலன் இல்லை என்று தொடர்ந்து எழுதியிருக்கிறார். ஏரேட்டருக்கும் நல்ல தீவனத்துக்கும் ஈடு எதுவுமில்லை என்பது என் அனுபவமும்.

ஏரேட்டரை நள்ளிரவிலிருந்து விடியும்வரை ஓட்டுங்கள். முடிந்தால் மதியம் ஒரு மணி நேரம். மதியம் எதற்கென்றால், மேலே தேங்கிக் கிடக்கும் ஆக்சிஜனை அடிக்கு இறக்க. வெயிலில் மேல்தண்ணீர் சூடாகி லேசாக மிதக்கும். கீழே குளிர்ந்த கனத் தண்ணீர் தனியாகக் கிடக்கும். இரண்டும் கலக்காமலே வாரக்கணக்கில் இருந்துவிட்டு, ஐப்பசியில் ஒரு ராத்திரி பெருமழை கொட்டும்போது, குளிர்ந்த மழைநீர் மடமடவென்று அடிக்கு இறங்கி, விஷத் தண்ணீரை மேலே புரட்டிவிடும். மறுநாள் காலை கரை முழுக்க வெள்ளி வெள்ளியாக மீன் மிதக்கும். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று பங்காளிமேல் புகார் கொடுக்கிறார்கள். விஷம் குளத்துக்குள்ளேயே பல மாதமாக ஊறியது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்தபோது, குளத்துக்குள் விழுந்த மரமும் மட்டையும் அழுகித் தண்ணீர் டீத்தூள் நிறமானதை எங்கள் பக்கத்தில் பார்த்தோம். அதுவும் இதே கதைதான். அழுகுவதற்கு ஆக்சிஜன் வேண்டும், அது மீனின் பங்கிலிருந்து போகும்.

அடியைக் கிளறிவிட செயின் இழுக்கும் பழக்கம் இறால் பண்ணைகளிலிருந்து வந்தது. வெயில் ஏறிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமான பரப்பாக, தொடர்ந்து செய்துவந்தால் நல்லது. பல ஆண்டு தூர்வாராத குளத்தில் ஒரே நாளில் முழுக்க இழுத்தால் எல்லா வாயுவும் ஒன்றாகக் கிளம்பிவிடும். அப்படிச் செய்யாதீர்கள்.

ஊர்க்குளங்களின் பாடு வேறு. அங்கே தீவனத்தைவிடச் சாக்கடை பெரிது. தெருக்களின் கழிவுநீர் எல்லாம் சேர்ந்து ஒரு குழாய் வழியாக நேராகக் குளத்தில் இறங்குகிறது. கழிவுநீர் வந்தாலே மீன் வளர்க்க முடியாது என்றில்லை. கல்கத்தாவின் கிழக்கே 12,500 ஹெக்டேரில் விரிந்திருக்கும் சதுப்பு நிலத்தில் மீனவர்கள் அந்த மாநகரத்தின் கழிவுநீரைக் கொண்டே மீன் வளர்க்கிறார்கள். துருவஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர், நகரத்துக் கழிவுநீர் கடைசியில் என்ன ஆகிறது என்று தேடிப்போய் இதை உலகத்துக்குச் சொன்னார். 2002இல் அது ராம்சார் தலமானது, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. அங்கே நடப்பதன் சூட்சுமம் இதுதான்: ஆழமில்லாத குளம், நல்ல வெயில், கழிவை முதலில் தேக்கிப் படியவிடுவது, பிறகு குளம் செரிக்கும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பது. நம் ஊர்க்குளத்தில் மதகும் இல்லை, தேக்கமும் இல்லை, வந்தது வந்தபடி விழுகிறது. குழாய் வாயில் ஒரு படிவுக்குழி வெட்டி, அதைத் தாண்டிச் சம்பும் கல்வாழையும் நட்ட ஒரு ஆழமில்லாப் பாத்தி வழியாகத் தண்ணீரைச் சுற்றிவிட்டாலே பாரம் பெரிதும் குறையும். குழியைத் தூர்வார வேண்டும், செடியை அறுத்து வெளியே எடுக்க வேண்டும். அறுக்காவிட்டால் அது உறிஞ்சியதெல்லாம் அழுகி மறுபடி உள்ளேதான் போகும். ஆகாயத்தாமரையும் அப்படியே.

இது வீட்டுக் கழிவுநீருக்கு மட்டும்தான். சாயம், தோல், இரசாயனக் கழிவு வரும் தண்ணீரில் மீனே வளர்க்காதீர்கள். நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கு என்று கட்டியது, திருப்பூர்ச் சாயக் கழிவின் தேக்கமாகிப்போனது. சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் நிலைக்கு அது போனது. உலோகங்கள் சுண்ணாம்பில் கரைந்து போய்விடாது, ஏரேட்டருக்கு அடங்காது. சேற்றிலும் மீனின் உடம்பிலும் சேர்ந்து தட்டுக்கு வரும்.

மற்றபடி, கெட்ட குளத்துக்கு நிலையான வைத்தியம் கோடையில்தான். அறுவடை முடிந்து, தண்ணீரை வடித்துவிட்டு, அடி பிளவு விட்டு, மேலே நடந்தால் கால் புதையாத பதம் வரும்வரை காயவிட வேண்டும். தூளாகும்வரை காய வேண்டியதில்லை, ஈரம் முற்றிலும் போனால் பாக்டீரியாவும் வேலையை நிறுத்திவிடும். அந்தப் பிளவுகள் வழியாகக் காற்று இறங்கி, கறுப்பு மெல்ல மெல்லப் பழுப்பாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சேறு முழங்கால் கனத்துக்கு மேல் இருந்தால் காயவிடுவது மட்டும் போதாது, அள்ளத்தான் வேண்டும். அள்ளியதைத் தென்னந்தோப்புக்காரர்கள் வண்டி வைத்து ஏற்றிப்போவார்கள், அவ்வளவு சத்து அதில். பிறகு சேற்றின் பிஹெச் பார்த்து, ஏழுக்குக் கீழே இருந்தால் விவசாயச் சுண்ணாம்பு, ஹெக்டேருக்கு 200இலிருந்து 500 கிலோ வரை. லேசாக உழவோட்டுங்கள். காயாமல் தேங்கிய குட்டைகளில் விராலும் களை மீனும் ஒளிந்திருக்கும், அங்கே மட்டும் சுட்ட சுண்ணாம்பு. வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும். சித்திரையைத் தவறவிட்டால் இன்னும் ஒரு வருடம் அதே சேற்றோடுதான் காலம் தள்ள வேண்டும். எப்படிப் பார்ப்பது என்று தெரியாதவர்கள் பக்கத்து மீன்வளத் துறை அலுவலகத்திலோ, தஞ்சாவூரை ஒட்டிய சூரக்கோட்டையில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழக மையத்திலோ போய்க் கேட்கலாம்.

சொந்தக் குளம் வைத்திருப்பவர்கள் நான் சொல்வதைக் கேட்டுக் காயப்போடுகிறார்கள். ஊர்க்குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் சொன்னால், "அடுத்த வருஷம் யார் எடுப்பாங்களோ, நான் எதுக்குக்கா தூர் வாரணும்?" என்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஓராண்டுக் குத்தகையில் சேற்றுக்கு யாரும் பொறுப்பில்லை. ஏலம் விடும் ஊராட்சிகள் குறைந்தது மூன்று ஆண்டுக்கு விட வேண்டும். கோடையில் ஒரு முறையாவது வடித்துக் காயவிடுவதையும், கோழிக்கழிவு கொட்டக் கூடாது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அள்ளும் சேற்றை ஊர் விவசாயிகளுக்குக் கொடுக்கும் பொறுப்பும், சாக்கடை வாயில் படிவுக்குழி வெட்டும் செலவும் ஊராட்சியுடையது. அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் உங்கள் ஊர்க்குளத்தின் குத்தகைத் தாளை வாங்கிப் படித்துப் பாருங்கள். அதில் தொகையும் தேதியும் மட்டும்தான் இருக்கிறதென்றால், இந்த வரிகளைச் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவாருங்கள்.